அதற்கு முந்தின வாரம்

நீல மருந்துக் கறை படிந்த ஓர் ஆள்காட்டி விரல் என் நோட்டுப் பக்கத்தில் மேலிருந்து கீழாக இறங்கி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ராயபுரத்தில் என் பூனை சீனியைக் காட்டும் கிளினிக்கில் கம்பவுண்டராக இருந்தவருடைய விரல். சீனிக்கு அது நான்காவது தடவை. தும்மல், இடது கண்ணில் பீளை, மூக்கடைத்து வாசனை தெரியாததால் சாப்பாட்டைத் தொடாமல் கிடப்பது. இந்த வைரஸ் உடம்பைவிட்டுப் போகாது, அடங்கிக் கிடந்து அவ்வப்போது கிளம்பும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆகவே எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். தும்மல் தொடங்கிய தேதி, சொட்டு மருந்து விட்ட நேரம், வெந்நீர்ப் பஞ்சால் கண் துடைத்தது, சூடுபடுத்திக் கொடுத்த மீனில் எவ்வளவு உள்ளே போனது என்பதுவரை.

"சோக்கா எய்திகீறம்மா," என்றார் கம்பவுண்டர். "எங்க டாக்டரு எய்துறதவிட நல்லா புரியுது. ஆனா நோவு வந்தப்புறம்தான் எய்திகீற. அதுக்கு மிந்தின வாரம் இன்னா நடந்துச்சு?"

தெரியவில்லை என்றேன்.

"வூட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா, சாமான மாத்தினியா, நீ எங்கனா போனியா, பாரு. பூனை பேஜாராச்சுன்னா உள்ள தூங்குறவன் எய்ந்துப்பான்."

வீட்டுக்கு வந்து நோட்டுக்குப் பக்கத்தில் என் டைரியை விரித்தேன். நான்கு தடவையும் மீஞ்சூர். தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவோடு இரண்டு மூன்று நாள் தங்கித் திரும்பிய ஏழெட்டு நாளில் நோய் வந்திருந்தது.

அம்மாவால் என் மூன்றாவது மாடிக்கு ஏற முடியாது. சீனியைக் கூடையில் வைத்து ஒரு தடவை ரயிலில் கொண்டுபோனேன். எண்ணூர் தாண்டுவதற்குள் எச்சில் வடித்துக் கத்தித் தீர்த்தது, ஐந்தாம் நாளே கண் ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு காலையில் போய் மாலையில் திரும்பத் தொடங்கினேன். முன்பெல்லாம் கண்ணில் நீர் கண்ட பிறகுதான் பயம் வரும். இப்போது மீஞ்சூர் ஸ்டேஷனில் இறங்கும்போதே வந்துவிடுகிறது. கம்பவுண்டர் வேலையைவிட்டுப் போய் வெகு நாளாயிற்று. அவர் அன்று அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று சில நாள் நினைத்திருக்கிறேன். நன்றிகெட்ட நினைப்புதான்.

போன மாதம் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று நாள் தங்கினேன். கீழ்வீட்டு அம்மாள் சீனிக்குச் சாப்பாடு வைத்தார். அது பீரோவுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லையாம். திரும்பியபோது கண் பளிச்சென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, நாள் எண்ணினேன். ஆறாம் நாள் தும்மியது. இன்னும் முழுதாக அடங்கவில்லை.

இன்று அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

"தங்கவா, தலையக் காட்டிட்டு ஓடவா?"

துண்டுக்குள் சீனி திமிறியது. பிடியைத் தளர்த்தவில்லை.

"தங்கத்தாம்மா," என்றேன்.

போனை வைத்துவிட்டுக் கண் மருந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடுத்த வாரத்துக்குப் போதாது.