தலைவருக்கு ஓட்டு கிடையாது

கலிஃபோர்னியாவில், டப்ளின் என்ற ஊரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் நடுவே, ஊறுகாய் ஜாடிக்கும் நெய்க் கிண்ணத்துக்கும் பக்கத்தில், வெகுகாலம் ஒரு கொடித் தாங்கி இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமான மரப்பலகை. விளிம்பைச் சுற்றித் துளைகள், துளைக்கு ஒரு பித்தளைக் கம்பி, கம்பிக்கு ஒரு நாட்டின் கொடி. சரியாக நடுவில் இருந்த துளை மட்டும் காலி. முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், "இங்க இருந்த கொடி எங்க அங்கிள் காணோம்?" என்று. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி என் மாமனார் சிரிப்பார். "அது தலைவரோட இடம். தலைவருக்குக் கொடியும் கிடையாது, ஓட்டும் கிடையாது" என்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தத் துளையில் நட்டு வைப்பார்.

அவர் இந்திய ராணுவத்தில் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்கு முந்தைய வருடங்களில், பல நாடுகள் கூடி உள்நாட்டுப் போர் நடந்த ஓர் ஆப்பிரிக்க தேசத்துக்கு அனுப்பிய கூட்டுப் படையில், நாட்டுக்கு ஒரு பிரதிநிதி உட்கார்ந்த ராணுவக் குழுவின் தலைவராக இருந்தார். அந்தக் கொடித் தாங்கி, விடைபெறும்போது அங்கே கொடுத்தது. மாமியார் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டார். ஜெனரல் என்றதும் நீங்கள் மீசையும் அதட்டலுமாக ஒருவரை நினைத்துக்கொள்வீர்கள். அதெல்லாம் கிடையாது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். என்னை "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார், அதிலும் வெல்லம் சொட்டும். கல்யாணமான புதிதில் அந்த வெல்லத்தில் விழுந்த எறும்பு நான்.

எங்கள் தமிழ்க் கூட்டத்தில் அவருக்கு ஏக மரியாதை. ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவருகிற பாட்லக் சாப்பாடு முடிந்து எல்லாரும் பாயசக் கப்போடு உட்கார்ந்ததும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவைப்பார். "அத்தனை நாட்டை எப்படி அங்கிள் ஒத்துக்க வெச்சீங்க? எங்களால ஒரு கமிட்டியையே மேனேஜ் பண்ண முடியல." மாமனார் காலை நீட்டிக்கொண்டு சொல்வார். "கூட்டத்துல கேட்டா ஆளுக்கு ஒண்ணு பேசுவான். அதனால கேக்கவே கூடாது. நாமளே முடிவை எழுதி எல்லாருக்கும் அனுப்பிரணும். இன்ன மணிக்குள்ள ஆட்சேபம் சொல்லலைன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம், அவ்வளவுதான். மௌனத்தைக் கலைக்கிறவன் தனியாத் தெரிவான். தனியாத் தெரியறதுக்கு எந்த நாட்டுக்குத் தைரியம் இருக்கு, சொல்லுங்க?"

ஒரு தடவை அதற்கு உதாரணமும் சொன்னார். ஓர் ஆற்றோர ஊரில், பள்ளிக்கூட வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த ஜனங்களுக்குக் காவலாக ஒரு சின்னப் படைப்பிரிவு இருந்ததாம். நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. அதைத் திரும்ப அழைப்பதா வேண்டாமா என்று எந்த நாடும் வாய் திறக்கவில்லை. இவர், திரும்ப அழைக்கிறோம் என்று எழுதி, நடுப்பகல் வரை கெடு வைத்து அனுப்பினார். நடுப்பகல் ஆயிற்று. ஒருவரும் மூச்சு விடவில்லை. லாரிகள் திரும்பி வந்துவிட்டன. "எம்மேல ஒரு பழியும் வரல, பாத்துக்குங்க. எல்லாம் கூட்டு முடிவு" என்று பாயசத்தை வழித்துச் சாப்பிட்டார். கூட்டத்தில் ஒரு சின்னப் பெண், புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், "அங்க இருந்த ஜனங்க என்ன ஆனாங்க அங்கிள்?" என்று கேட்டுவிட்டாள். மாமனார் அவளைக் கனிவாகப் பார்த்தார். "அவங்க மெம்பர் இல்லையேம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டிலும் அதே வித்தைதான். ஃபோனில் மாமனார், என் கணவர், மகள், நான் என்று எங்கள் நாலு பேருக்கும் ஒரு குடும்பக் குரூப் இருந்தது. ஹீட்டரை எத்தனையில் வைப்பது, விருந்துக்கு யாரைக் கூப்பிடுவது எல்லாமே அவர் எழுதுவதுதான், கடைசியில் அரசாங்க முத்திரை குத்தினாற்போல ஒரு வாக்கியம்: "மாலை நான்கு மணிக்குள் ஆட்சேபம் இல்லையெனில் ஒப்புதலாகக் கொள்ளப்படும்." முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. என் மகள் ஆசையாக வளர்த்த நாய்க்குட்டி ஒருநாள் வேறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் வேடிக்கை கசந்தது. அவள் பள்ளியில் ஃபோனைத் தொடக் கூடாது. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் வந்து காலிக் கூடையைப் பார்த்துவிட்டு, "யூ டிடின்ட் ஈவன் ஆஸ்க் மீ, தாத்தா!" என்று அழுதாள். "கேட்டேனே கண்ணு. நீதான் பதில் சொல்லல" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். என் கணவர் தட்டில் இருந்த சப்பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சான் ஹோசேயில் பெரிய வேலையில் இருக்கிறார், அங்கே பேசுவார் என்று கேள்வி.

நான் ஒரே பெண். அப்பா போன பிறகு அம்மாவை நிரந்தரமாக இங்கே அழைத்துக்கொண்டேன். கீழே இருந்த ஒற்றை அறையில் அம்மா இருந்தாள். இடுப்பு சரியில்லை, மாடி ஏற முடியாது. அம்மாவுக்கு இந்த ஊரில் தெரிந்த இடங்கள் இந்தியக் கடை, கோயில், என் சமையலறை, அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வரும்போது ஜன்னலோரம் ஒரு முகம் தெரியும் பாருங்கள், அதற்காகவே நான் ஃப்ரீவேயில் விரட்டிக்கொண்டு வருவேன். அம்மா மாமனாரை "அண்ணா" என்பாள். அவர் எது சொன்னாலும் "சரிங்ணா." இன்றைக்குக் குளிர் ஜாஸ்தி என்றால் சரிங்ணா. காப்பி ஆறிப்போச்சு என்றால் சரிங்ணா. எங்கள் பக்கத்துப் பெண்களின் சரிங்-குக்கு, காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம். ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. கோபியில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு இது தெரியாதா என்ன?

என் வேலை மில்பிடாஸில், சிப் தயாரிக்கிற தொழிற்சாலையில். தூசி புகாத அறை, தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி. ஃபோனை வெளியே லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒருநாள் வேலை முடிந்து லாக்கரைத் திறந்து பார்த்தால் குரூப்பில் அவர் செய்தி. தன் முழங்கால் வலி காரணமாகக் கீழ் அறை தனக்குத் தேவைப்படுவதாகவும், சம்பந்தியம்மாவுக்குக் கோயமுத்தூரில் ஒரு நல்ல முதியோர் இல்லம் பார்த்திருப்பதாகவும் எழுதியிருந்தார். கீழே அந்த வாக்கியம். அதற்கும் கீழே, நாலு மணிக்குப் பிறகு, விமான டிக்கெட். என் கணவர் அதை மத்தியானமே படித்திருந்தார். படித்ததற்கான அடையாளம் இருந்தது.

வீட்டுக்கு எப்படிக் காரோட்டி வந்தேன் என்று தெரியாது. வாசல் கதவைத் திறந்ததுமே கத்தினேன். "எங்கம்மாவை ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சம்பந்தியம்மா குரூப்ல இல்லையே அம்மிணி. ஆனாலும் ஒரு மரியாதைக்கு நேர்லயே கேட்டேன். சரிங்ணா-ன்னாங்க."

"அது சம்மதமுங்களா? உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"இதுல எனக்கு ஓட்டே கிடையாதே அம்மிணி. நான் எழுதி அனுப்பறவன், அவ்வளவுதான். உம்பட வீட்டுக்காரன் ஆட்சேபம் சொல்லல. நீயும் சொல்லல."

நான் என் கணவரைப் பார்த்தேன். "டிக்கெட் போட்டாச்சும்மா" என்றார் மேசையிடம். அந்த நிமிஷத்தில் நான் அப்பனையும் மகனையும் ஒருசேர வெறுத்தேன். டிக்கெட்டைக் கிழித்திருக்கலாமே, சண்டை போட்டு அம்மாவை வைத்துக்கொண்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் தயாராகத்தான் இருந்தேன். அம்மாதான் கேட்கவில்லை. அறைக்குள் போனால் சேலைகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். "வேண்டாம்னு ஒருக்கா சொன்ன வீட்ல எப்படிக் கண்ணு சோறு இறங்கும்?" என்றாள். வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும் என்று எனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் வேறொன்றும் பேசவில்லை. விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாமனாரும் வந்திருந்தார். "பத்திரமாப் போயிட்டு வாங்கம்மா" என்று கும்பிட்டார். அம்மா, "சரிங்ணா" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. இல்லத்துக்காரர்களிடம் இருந்தது என் நம்பர் மட்டும்தான், மகளல்லவா. அங்கே ராத்திரி, இங்கே பகல், ஃபோன் லாக்கரில். வெளியே வந்து எடுத்தபோது செய்திகள் வரிசையாக இருந்தன. "மேடம், ஆஸ்பத்திரிக்கு மாத்தட்டுங்களா?" "மேடம், சொல்லுங்க." "உங்க பதிலுக்குத்தான் வெயிட் பண்றோம் மேடம்." கடைசியாக, "மேடம், அம்மா தவறிட்டாங்க." லாக்கர் வரிசைக்கு நடுவில் வெள்ளை அங்கியோடு தரையில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதேன். கூட வேலை செய்கிற ஒரு பெண் எனக்கு ஏதோ விபத்து என்று நினைத்து ஆளைக் கூப்பிட ஓடினாள்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் மாமனார்தான் பதில் சொன்னார். "சொந்த ஊர்லதான் இருப்பேன்னு அவங்களே ஆசைப்பட்டாங்க. நாங்களும் எல்லாரும் ஒத்துக்கிட்டோம்" என்றார், அம்மா இருந்த அறையில், அம்மாவின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து. நான் எல்லாருக்கும் காப்பி கொடுத்தேன்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சு அடியோடு போயிற்று, தலையாட்டவும் ஜாடை காட்டவும்கூட வரவில்லை. காது கேட்கும், எல்லாம் புரியும் என்று டாக்டர் சொன்னார். கண்கள் நம்மைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். இனி வீட்டுக்கா, நர்சிங் ஹோமுக்கா என்று ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கேட்டாள். இங்கே நர்சிங் ஹோம் என்றால் நம் ஊர் மாதிரிப் பிரசவம் பார்க்கிற இடமில்லை. முடியாதவர்களைக் கடைசிவரை போட்டு வைக்கிற இடம். "நம்ம வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிரலாமா?" என்றார் என் கணவர் மெல்ல. நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, மாமாவை நர்சிங் ஹோமில் சேர்ப்பதாகக் குரூப்பில் தட்டினேன். வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை, எல்லாம் அவர் எழுதிப் பழக்கியவைதான். மாலை நான்கு மணிக்குள் ஆட்சேபம் இல்லையெனில் ஒப்புதலாகக் கொள்ளப்படும். அனுப்பியதும், கட்டிலுக்கடியில் அவர் உடுப்புகளோடு வைத்திருந்த பிளாஸ்டிக் பைக்குள் அவருடைய ஃபோன் மணியடித்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் கண் திரும்பியது. ஒரு மரியாதைக்கு நானே வாசித்தும் காட்டினேன்.

"ம்..." என்றார். வாய் ஒரு பக்கம் கோண, கழுத்து நரம்பு புடைக்க, மறுபடியும் "ம்... ம்..." நம் பாஷையில் ம் என்றால் சரி, ம்ஹும் என்றால் இல்லை. நடுவில் ஒரு சின்ன மூச்சுதான் வித்தியாசம். அந்த மூச்சைத் தள்ள அவர் பட்ட பாடு எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க பாஷையில அதுக்குச் சரின்னு அர்த்தம்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

என் மகள் டெக்சாஸில் கல்லூரியில் படிக்கிறாள். அன்று மத்தியானம் அவளுக்குப் பரீட்சை, ஃபோனைப் பார்க்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். நாலு மணி தாண்டிய பிறகு அவள் செய்தி வந்தது: "அம்மா, வெயிட். ப்ளீஸ் டோன்ட் டூ திஸ்." நாய்க்குட்டியைப் பறிகொடுத்தவள் அவள்! "நாலு மணி ஆயிடுச்சே கண்ணு" என்று பதில் போட்டேன். "யூ சவுண்ட் ஜஸ்ட் லைக் ஹிம்" என்று எழுதினாள். அதன் பிறகு அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அது எனக்கு உறைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே உறைத்தது. ஆனாலும் எதையும் மாற்றவில்லை.

கொடித் தாங்கியை நான்தான் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோய் வைத்தேன், அவர் கண்ணில் படுகிற மாதிரி, கட்டிலோர மேசையில். இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் ஜாடிக்கு நிறைய இடம் இருக்கிறது. அவருக்கு விழுங்க வராது. வாய் உலராமல் இருக்க, முனையில் ரோஸ் நிறப் பஞ்சு வைத்த ஒரு குச்சியைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றுவார்கள். அங்கே ஒரு பிலிப்பினோ நர்ஸ், நல்ல பெண், அந்தக் குச்சியை வைக்க இடம் தேடியிருக்கிறாள். நடுத் துளைக்கு அளவாக இருந்திருக்கிறது. அத்தனை நாட்டுக் கொடிகளுக்கும் நடுவே அது நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் போகிறேன். என் கணவரால் அதைப் பார்க்க முடியாதாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பஞ்சை நனைத்து அவர் உதட்டை ஒற்றுகிறேன். "இங்கயே இருந்துக்கறீங்களா மாமா? ஆட்சேபம் இருந்தாச் சொல்லுங்" என்கிறேன். அவர் கண்ணில் நீர் கட்டுகிறது. "ம்..." என்கிறார், "ம்... ம்..." அவசரமே இல்லாமல் காத்திருக்கிறேன். அந்த மூச்சு வருவதில்லை. குச்சியை அதன் துளையில் திரும்ப நட்டுவிட்டு, "சரிங் மாமா" என்று சொல்லி எழுந்து வருகிறேன்.