கால்டர்மூர் கம்பெனிக்கு ஒரு பாவ அறிக்கை

சத்தியசீலன் மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியைக் கோயமுத்தூர் ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்கி வைத்திருப்பார். செக்கர் ஏறினால் போதும், பையில் இருக்கிற டிக்கெட்டை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பார். இப்பேர்ப்பட்ட ஆள், 1999ஆம் வருஷம் ஜூன் மாதம், அமெரிக்காவில் இருக்கிற ஒரு கம்பெனிக்குத் தன் பேர், தன் விலாசம் எல்லாம் போட்டு "நான் உங்கள் பொருளைத் திருடினேன்" என்று கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார் என்றால் யாராவது நம்புவார்களா? அனுப்பினார். அதுவும் தபாலாபீஸில் அரை மணி நேரம் வரிசையில் நின்று அனுப்பினார்.

விஷயம் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. கோயமுத்தூர் கணபதியில் பொங்கியண்ணன் நடத்திய மோட்டார் கம்பெனியில் சத்தியசீலனின் அப்பா ஜெபமணி முப்பது வருஷம் வார்ப்பு வேலை பார்த்தவர். 1991இல் அவர் காலமானதும் பொங்கியண்ணன் பையனை அழைத்து ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். "உங்கொப்பன் பேரைக் காப்பாத்து கண்ணு, அது போதும்" என்றார். அந்தக் கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்த காந்திபுரத்துக் கடைக்காரர் நரசிம்மலு, கூடவே இரண்டு பிளாப்பியையும் தந்துவிட்டுப் போனார். "சாப்பாட்டு நேரத்துல பொழுது போகுமுங்க" என்றார்.

அதுதான் கால்டர்மூர். ஆறு பேரை நாமே உண்டாக்கி, பேர் வைத்து, பனி மூடிய ஒரு தேசத்தில் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிற விளையாட்டு. போகிற வழியில் சண்டையும் உண்டு. ஆனால் பேச்சுத்தான் அதிகம். அதில் வருகிற படகுக்காரனிடம் ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனால் பத்து ஊர் தாண்டித் திரும்பி வரும்போது அவன் அதை ஞாபகம் வைத்துக் கேட்பான். ஆறு பேரில் முதல் ஆளுக்குச் சத்தியசீலன் ஜெபமணி என்று பேர் வைத்தார். அப்பாவை அடக்கம் பண்ணி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நல்ல வாள், நல்ல கவசம் எல்லாம் ஜெபமணிக்குத்தான். தன் பேரில் இருந்த ஆளுக்குக் கையில் ஒரு தீப்பந்தம் மட்டும் கொடுத்துப் பின்னால் நடக்கவிட்டார்.

இரண்டாம் பாகம் வந்தபோது அந்த ஆறு பேரையும் பழைய பிளாப்பியிலிருந்து அப்படியே புதிதுக்குக் கூட்டிப்போக முடிந்தது. படகுக்காரன் ஜெபமணியைப் பார்த்து, "வயசாகிவிட்டதே உனக்கு" என்றான். சத்தியசீலன் அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை. மூன்றாம் பாகத்தில் ருசி கொஞ்சம் இறங்கித்தான் போயிருந்தது. பழகிய வீட்டுச் சமையலில் ஒரு நாள் உப்பு குறைந்தால் வாய் திறக்காமல் சாப்பிடுவதில்லையா, அப்படிச் சாப்பிட்டார். எல்லாம் நரசிம்மலு நகல் எடுத்துக் கொடுத்ததுதான். பதினோரு பிளாப்பி, ஒரு பிஸ்கட் டின்னில்.

நாலாம் பாகத்தை மட்டும், சிங்கப்பூரில் இருக்கிற மச்சினர் அசல் பெட்டியாகவே வாங்கிவந்து கொடுத்தார். சத்தியசீலன் கை கழுவிவிட்டு வந்து பெட்டியைப் பிரித்தார். அப்புறம் நடந்ததைச் சொன்னால் எனக்கே வயிறெரிகிறது. பழைய ஆட்களைச் சேர்க்க வழியே வைக்கவில்லை பாவிகள். வழியில் ஒருவனும் வாய் திறந்து பேசுவதில்லை. பார்த்தவனை எல்லாம் வெட்டிக்கொண்டே போக வேண்டியது. படகுக்காரனைத் தேடிப் பிடித்தால், அவன் கத்தி விற்கிற கடை போட்டு உட்கார்ந்திருக்கிறான், "என்ன வேண்டும்?" என்பதைத் தவிர ஒரு வார்த்தை தெரியவில்லை அவனுக்கு. படங்கள் பளபளவென்று இருந்தன, அதைச் சொல்ல வேண்டும். மூன்றே நாளில் விளையாட்டு முடிந்துபோயிற்று.

பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று விலாசம் போட்டிருந்தார்கள். பேசாமல் அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். சத்தியசீலன் எழுத உட்கார்ந்தார்.

எப்படி எழுதினார் என்பதுதான் கூத்து. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஆராதனை எப்படி நடக்கும்? முதலில் துதி, பிறகு பாவ அறிக்கை, அதற்கப்புறம்தான் விண்ணப்பம். தன் குற்றத்தைச் சொல்லாமல் எதையும் கேட்கக் கூடாது என்று சிறுவயதிலிருந்து ஊறிப்போன மனுஷன். கடிதத்தையும் அதே வரிசையில் எழுதினார். முதல் பக்கத்தில் கால்டர்மூரின் பெருமை, ஜெபமணியின் கதை. இரண்டாம் பக்கத்தில் முதல் மூன்று பாகங்களையும் காசு கொடுக்காமல் நகல் எடுத்த பாவம். எங்கே, யார் எடுத்துக் கொடுத்தது, எந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் விளையாடியது என்று ஒன்று விடாமல். மூன்றாம் நாலாம் பக்கங்களில்தான் குறைகள். மரியாதையாக இருக்கட்டும் என்று மோட்டார் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் எழுதினார். தபாலில் சேர்த்துவிட்டு வந்தபோது மனசு லேசாக இருந்ததாம்.

இரண்டு வாரம் கழித்து மவுஸ் ரிப்பேருக்காக நரசிம்மலு கடைக்குப் போனவர், பெருமையாக விஷயத்தைச் சொன்னார். நரசிம்மலு திருப்புளியைக் கீழே வைத்தார்.

"பெங்களூர்ல போன மாசம் ரெய்டு நடந்துச்சு, பேப்பர்ல பாக்கலீங்களா? நகல் எடுத்த கடைக்காரனையும் புடிச்சாங்க, வெச்சிருந்த கம்பெனிக்காரனையும் புடிச்சாங்க. இருந்த கம்ப்யூட்டரெல்லாம் வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

சத்தியசீலன் கடை வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"அது சரிங்க, எம்பேரைப் போடலீங்களே?" என்றார் நரசிம்மலு.

"போட்டுட்டனுங்க."

"கடை விலாசம்?"

"அதையும் போட்டனுங்க. உண்மையைச் சொல்றப்ப பாதி சொல்லக் கூடாதில்லீங்களா?"

நரசிம்மலு திட்டவில்லை. மறுநாள் போனால் கடை பூட்டியிருந்தது. உடுமலைப்பேட்டையில் மாமனார் வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். பத்து நாள் கழித்து வந்தவர் தணிந்த குரலில், "எங்கிட்ட இருந்ததெல்லாம் அழிச்சுப்போட்டனுங்க. ஒண்ணு பாக்கி இல்லை. நீங்களும் அழிச்சுப்போடுங்க. கையில இருந்தாத்தானுங்க ஆபத்து" என்றார்.

அன்று ஆரம்பித்தது பயம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்ததைச் சத்தியசீலன் அன்றைக்கே அழித்துவிட்டார். பிஸ்கட் டின் மட்டும் வீட்டில் இருந்தது. அதைத் தொட முடியவில்லை. அதற்குள்தான் ஜெபமணி இருந்தார். ஆனால் டின்னை வைத்துக்கொண்டு தூங்கவும் முடியவில்லை. பேன்ட் போட்ட புது ஆள் யார் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தாலும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் கையில் பையோடு ஒருவர் வந்து சத்தியசீலன் யார் என்று கேட்க, மனுஷன் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். வந்தவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்.

தன்னைப் பிடித்துப் போனால்கூடப் பரவாயில்லை. பொங்கியண்ணனைப் பிடித்துப் போனால்? கம்பெனியின் கம்ப்யூட்டர்களை வேனில் ஏற்றினால்? ஒரு பாவமும் அறியாத அந்த மனுஷர் தன் லெட்டர்ஹெட்டாலேயே மாட்டிக்கொள்வார். அப்பா முப்பது வருஷம் மண்ணிலும் நெருப்பிலும் நின்று சம்பாதித்த நல்ல பேரை, மகன் நாலு பக்கக் கடிதத்தில் கெடுத்ததாக ஆகும். முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அவர் அறை வாசல் வரை போனார். "என்ன கண்ணு?" என்று அவர் நிமிர்ந்து பார்த்ததும், "ஒண்ணுமில்லீங்க" என்று திரும்பினார்.

டின்னைக் கோபிசெட்டிபாளையத்தில் மாமியார் வீட்டுப் பரணில் வைத்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினார். குண்டுவெடிப்புக்கு அப்புறம் அந்த வருஷங்களில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பையைத் திறந்து காட்டாமல் உள்ளே போக முடியாது. அது மனுஷனுக்கு அந்தப் பதற்றத்தில் ஞாபகமே வரவில்லை. போலீஸ்காரர் டின்னை எடுத்தார், குலுக்கினார், திறந்தார்.

"என்னய்யா இதெல்லாம்?"

சத்தியசீலன் டின்னின் மூடியைத் திருப்பி மூடப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. போலீஸ்காரர் ஒரு பிளாப்பியை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் சமாச்சாரமா? சரி, போ" என்று விட்டுவிட்டார். போகவா? கால் நகர்ந்தால்தானே. கோபி பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று. சத்தியசீலன் டின்னோடு வீட்டுக்கே திரும்பினார்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் அது வந்தது. தடித்த கவர், அமெரிக்கத் தபால்தலை, மூலையில் கம்பெனியின் பேர். பொங்கியண்ணனே கொண்டுவந்து மேசையில் வைத்தார். "ஏப்பா சத்தியசீலா, அமெரிக்காவுல இருந்து உனக்கு என்னமோ வந்திருக்குது பாரு. நல்ல சேதிதானே?"

"ஆமாங்க" என்றார். கவரைப் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வயிற்றுவலி என்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினார். நோட்டீஸ் வந்துவிட்டது, பின்னாலேயே ஆள் வருவான், அதற்குள் முடித்துவிட வேண்டும். வழி நெடுக இது ஒன்றுதான் ஓடியது.

அவர் மனைவி கிளாடிஸ் நர்சரிப் பள்ளியில் டீச்சர். மத்தியானம் வீடு திரும்பியபோது பின்கட்டிலிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், வெந்நீர் அடுப்பு முன்னால் இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் காலி டின். பத்து பிளாப்பி உள்ளே போய்விட்டது. பதினொன்றாவது கையில் இருந்தது. மேலே அவர் கையெழுத்தில் 'ஜெபமணி, அழிக்காதே' என்று ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"நோட்டீஸ் வந்திருச்சு கிளாடிஸ்."

"எங்க, காட்டுங்க. படிச்சீங்களா?"

"படிச்சு வேற பாக்கோணுமா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பதினொன்றாவதையும் அடுப்பில் போட்டார். ஒட்டியிருந்த காகிதம் முதலில் சுருண்டது. அவர் அழுதார். புகையினால் என்று சொல்ல மாட்டேன், அழுதார்.

கிளாடிஸ் அவர் சட்டைப்பையிலிருந்து கவரை உருவிப் பிரித்தாள். மூன்று தாள், கையால் எழுதியது. நின்றபடியே படித்து, தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

எழுதியவர் ஐரீன் ஹாஸ்கெல் என்ற அம்மாள். முதல் கால்டர்மூரைச் செய்த மூன்று பேரில் ஒருவர். மற்ற இரண்டு பேரும் போய்விட்டார்கள். கம்பெனி கை மாறிவிட்டது. இவரை இப்போது கடிதங்களுக்குப் பதில் எழுத உட்காரவைத்திருக்கிறார்கள். 'நீங்கள் சொன்ன ஒவ்வொரு குறையையும் நான் இங்கே சொல்லிச் சொல்லித் தோற்றேன். படகுக்காரன் பேசியதெல்லாம் நான் எழுதியவை. அவற்றைக் கேட்டுக்கொண்டு ஒருவர் தன் தகப்பனோடு எட்டு வருஷம் நடந்திருக்கிறார் என்பதை உங்கள் கடிதம் வரும்வரை நான் அறியவில்லை. உங்கள் இரண்டாம் பக்கத்தை யாருக்கும் காட்டவில்லை. கிழித்துவிட்டேன். அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.'

சத்தியசீலன் தலையைத் தூக்கினார். இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. போன உயிர் வந்தது போல மூச்சு விட்டார்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் ஒரு தாள் இருக்குதுங்க" என்றாள் கிளாடிஸ். இந்தத் தடவை மெல்லப் படித்தாள்.

'ஆபீஸை வேறு ஊருக்கு மாற்றியபோது பழைய பொருட்களைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். முதல் பாகம் இப்போது எங்களிடம் ஒன்றுகூட இல்லை. என்னிடமும் இல்லை. எங்கெங்கோ விசாரித்துவிட்டேன். உங்களிடம் இருக்கிற நகலை இன்னொரு நகல் எடுத்து எனக்கு அனுப்ப முடியுமா? முடிந்தால் ஜெபமணியையும் சேர்த்து அனுப்புங்கள். அவரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.'

அடுப்பில் பிளாஸ்டிக் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தியசீலன் வெறுங்கையை உள்ளே விட்டார். கிளாடிஸ் கையைப் பிடித்து இழுப்பதற்குள் இரண்டு விரல் வெந்துவிட்டது. கிடைத்தது பிளாப்பியின் மூடியாக இருந்த ஒரு சின்னத் தகரத் துண்டு.

விரல் ஆற ஒரு வாரமாயிற்று. பிறகு பதில் எழுத உட்கார்ந்தார், இந்தத் தடவை வெறும் வெள்ளைத்தாளில். நன்றி சொல்லி ஒரு பக்கம் எழுதினார். பாவ அறிக்கை மூன்றே வரிதான் வந்தது: 'அம்மா, உங்கள் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. பயத்தில் அதைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். ஜெபமணியை நானே என் கையால் நெருப்பில் போட்டேன்.' விண்ணப்பம் எழுதுகிற இடம் வந்தது. கேட்க ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டு, கீழே வீட்டு விலாசத்தை முழுசாக எழுதினார்.