மூன்றரை மணி ஆராதனை

எனக்குச் சட்டென்று கோபம் வரும். மலையாள ஊரான கரமனையில் எங்கள் தமிழ்ச் சபை பிழைத்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம் என்பேன். என் கணவர் மட்டும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த ஹாலை வாடகைக்குப் பிடித்தோம். பக்கத்தில் மலையாள ஆராதனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லை தாண்டித் தெற்கேயிருந்து, ரயில் நிலையத்தை ஒட்டிய தம்பானூருக்கு ஓட்டல் வேலைக்கு வந்த பையன்கள், அங்கே பின்வரிசையில் வாயைத் திறக்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் பாடச் சொன்னால் கூரையைப் பிய்த்துவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இந்தச் சபையைத் தொடங்கினோம். எல்லைக்குத் தமிழ்ப் பக்கமிருந்து ஒரு போதகர் வாராவாரம் பஸ் ஏறி வரச் சம்மதித்தார்.

ஊர் வழக்கப்படி ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆராதனை வைத்தோம். வந்ததென்னவோ நாங்களும் எதிர்வீட்டு டீச்சர் குடும்பமும்தான். ஓட்டல் பையன்கள் தெருவில் பார்த்தால், "வாறோம்க்கா" என்று நன்றாகத் தலையாட்டுவார்கள். ஞாயிறு வந்தால் ஒருத்தரையும் காணோம். போதகர் வெறும் பாயைப் பார்த்துப் பிரசங்கம் செய்தார். ஹாலை டியூஷனுக்குக் கேட்டு வேறு ஆட்கள் வந்திருந்தார்கள். "இந்த மாசத்தோட விட்டிரலாமா?" என்று கடைசியில் போதகரே கேட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட நேரே தம்பானூருக்குப் போனேன். ஓட்டலின் பின்வாசல் வழியாக அடுக்களையில் நுழைந்தால் ஒரே புகை. தோசை மாஸ்டர் என்னைப் பார்த்தார். கை மட்டும் நிற்கவில்லை.

"தள்ளி நில்லுங்கக்கா, எண்ண தெறிக்கும். ரயில்ல எறங்குன கூட்டம், பரீட்சைக்கு வந்த பிள்ளேளு... ஞாயித்துக்கெழம காலைல மூச்சு விட நேரமில்ல பாத்துக்கிடுங்க."

"பொறவு எப்பம்தான் ஒழியும்?"

"சாப்பாட்டுக் கூட்டம் மூணு மணிக்குத் தீரும். அஞ்சு மணிக்கு வடை போடணும். அதுக்கு எடையிலதான்."

கொண்டுபோன கோபம் எங்கள் பக்கமே திரும்பியது. அந்த இடைவெளியில் ஆராதனை வைக்கலாம் என்று ஏன் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று எரிச்சலாக வந்தது. வீட்டுக்கு வந்து, ஆராதனை இனி மதியம் மூன்றரை மணிக்கு என்றதும் கணவர் துள்ளினார்.

"ஆராதனைன்னா காலைல எழும்பிப் போறதுல்லா?"

"அந்தப் பிள்ளேளு விடியதுக்கு முன்னயே எழும்பியாச்சு. நீங்கதான் எழும்பல."

போதகர் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். அதுதான் கடைசி வாரம் என்று அவர் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது. நான் ஓட்டல் ஓட்டலாகப் போய்ப் புது நேரத்தைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு மூன்றரை தாண்டியும் படியில் சத்தமில்லை. விரித்த பாயையே மறுபடி விரித்தேன். பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. ஈரத்தலையோடு, சோப்பு வாசனையோடு வந்துகொண்டே இருந்தார்கள். எவ்வளவு தேய்த்தும் வெங்காய மணம் மட்டும் போகவில்லை. ஹால் சுவர்வரை நிறைந்தது. முதல் பாட்டு எழும்பியதும் கீழே தையல் மிஷின் நின்றுபோனது. எனக்கு அழுகையாக வந்தது.

போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினார். மின்விசிறி சுற்றியது. ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. தோசை மாஸ்டர் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் தூங்கிய பையனைக் கிள்ளக் கையை நீட்டினேன்.

போதகர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேண்டாம்மா, உறங்கட்டும். சொந்த வீட்டுலதான் இப்பிடி உறக்கம் வரும்." வேதப்புத்தகத்தை மூடிவிட்டு அவரும் பாயில் உட்கார்ந்தார். என் கணவர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "ஹாலுக்காரர்ட்ட சொல்லிரும். டியூஷனுக்கு வேற எடம் பாக்கட்டும்."

வடை போடும் நேரம் நெருங்கியபோது அவர் தணிந்த குரலில் கடைசிப் பாட்டைத் தொடங்கினார். எழுப்ப வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது வரியிலேயே தோசை மாஸ்டர் சேர்ந்துகொண்டார். கண் இன்னும் திறந்திருக்கவில்லை.