சங்கிலியின் மகளிர் இலவச ஷேர் ஆட்டோ

சங்கிலிக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அதற்கு ஆறு சக்கரம், முன்னாலும் பின்னாலும் ரோஸ் கலர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வேண்டாம் என்று அரசாங்கம் சொன்ன நாளிலிருந்து, ரோஸ் கலர் சட்டை போட்டவனைக்கூட அவர் தன் ஷேர் ஆட்டோவில் ஏற்றுவதில்லை என்று மேலூர் ஸ்டாண்டில் பேச்சு. அது பொய். ஏற ஆள் இருந்தால் பச்சோந்தியைக்கூட ஏற்றுவார். ஆள்தான் இல்லை.

மேலூருக்கும் மாட்டுத்தாவணிக்கும் நடுவே பதினாறு வருசமாக ஓட்டுகிறவர். வண்டியில் எத்தனை பேர் உட்காரலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கும். சங்கிலி அதைப் படித்ததில்லை. "கொஞ்சம் மூச்சை இழுத்துப் புடிங்கக்கா, இன்னொரு அக்கா ஏறட்டும்" என்பார். பத்துப் பேர் ஏறினால் எட்டுப் பேர் பெண்கள். அந்த எட்டும் ஒரே வாரத்தில் ரோஸ் பஸ்ஸுக்குப் போய்விட்டது. எட்டில் ஒன்று அவர் பொண்டாட்டி பாண்டிமீனா.

அவள் தல்லாகுளத்தில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. சங்கிலி விடியுமுன்னே மேலூர் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார்; அவள் காலையில் ஊரிலிருந்து, அதாவது சுண்டுகுளத்திலிருந்து, ரெண்டு கிலோமீட்டர் நடந்து, ஊர்ப்பாதை பிரிகிற மெயின் ரோட்டு விலக்கில் வந்து நின்று புருஷன் வண்டியைப் பிடிப்பாள். அவளிடமும் சங்கிலி காசு வாங்குவார். கருமித்தனம் இல்லை; அவள் கைதான் போணி. மேலூரில் ஏறியவர்கள் நோட்டை நீட்டினாலும், "விலக்கு வரட்டும்ணே" என்று வாங்க மாட்டார். அவள் தரும் இருபது ரூபாயைக் கண்ணில் ஒற்றி, ஹேண்டில்பாரில் தொட்டு வைத்த பிறகுதான் மற்ற கைகளுக்கு மரியாதை.

அந்தக் கை பஸ்ஸில் ஏறிப் பத்து மாசமாகிவிட்டது.

"போணி எனக்கு என்னாகுறது?" என்று ஒருநாள் ராத்திரி கேட்டதற்கு, "கவர்மெண்டு எனக்குப் போணி பண்ணுது, நான் எதுக்கு ஒனக்குப் பண்ணணும்?" என்று சோற்றைப் போட்டாள்.

சங்கிலிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அரசாங்கத்தை அரசாங்கத்தின் வழியிலேயே மடக்குவது என்று முடிவெடுத்தார். மறுநாள் வண்டியின் நெற்றியில் ஒரு அட்டை: 'மகளிருக்கு இலவசம்.' ஆண்களுக்குக் கட்டணம் டபுள். பஸ்ஸில் ஆண்கள் டிக்கெட் எடுத்துத்தானே வண்டி ஓடுகிறது என்பது அவர் பொருளாதாரம். எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு இதுவே அதிகம்.

அட்டை மாட்டிய அஞ்சாவது நிமிசம் வண்டி நிறைந்தது. பத்தும் பெண்கள். கூடவே நாலு கீரைக்கூடை, ஒரு வாழைத்தார். டபுள் காசு தரவேண்டிய ஆண்கள் வெளியே நின்று சிரித்தார்கள்.

"அண்ணே, எடம் இருக்கா?"

"தொங்க இருக்கு."

"தொங்குறதுக்கு எதுக்குண்ணே டபுள் ரேட்டு?"

கீரை விற்கும் மலையம்மாள் கூடைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "ஏண்டா சங்கிலி, கவர்மெண்டுக்கு நட்டம் வந்தா வரியப் போடும். நீ யாருக்குடா வரி போடுவ?"

"அது என் பாடு அத்தே."

"கவர்மெண்டு எங்கேருந்து எடுக்குதுன்னு தெரியுமா? சாயங்காலமானா அவங்க கடையில போயி நீ ஊத்திக்கிற பாரு, அதுலதான் ஒம் பொண்டாட்டி காலையில பஸ்ஸுல போறா. பொண்டாட்டிய உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறதுக்கு இம்புட்டுச் சுத்தா சுத்துவ?"

மாட்டுத்தாவணி வரை வண்டி சிரித்துக்கொண்டே போனது. டீசல் மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் சங்கிலி அட்டையைக் கழற்றி, அரசாங்கத்திலிருந்து ராஜினாமா செய்தார்.

வண்டியை விற்றுவிடுவது என்று புரோக்கர் அழகுபாண்டியை வீட்டுக்கு வரச்சொன்னார். அவன் டயரை உதைத்தான், சீட்டை அமுக்கினான், முகத்தைச் சுளித்தான். அது அவன் தொழில்.

"இன்சூரன்ஸ் எப்பண்ணே முடிஞ்சுச்சு?"

"முடிஞ்சு ரெண்டு மாசம் இருக்கும். கட்டல." போலீஸைக் கண்டால் அந்த ரெண்டு மாதமும் சந்துக்குள் பூந்தவர் அவர்.

அழகுபாண்டி பேப்பர்களைப் புரட்டினான். "கட்டித்தாண்ணே இருக்கு. அடுத்த வருசம் வரைக்கும் ஓடுது."

சங்கிலி வாங்கிப் பார்த்தார். பிறகு அடுப்படியைப் பார்த்தார். பாண்டிமீனா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா கட்டுன?"

"பத்து மாசம் பஸ்ஸுல மிச்சம் புடிச்சது. நீ சந்து சந்தா ஓடுறத ஊரே பாத்துச்சு, நான் பாக்க மாட்டனா?"

"சொல்லலாம்ல?"

"சொன்னா, எதிரி காசு வேணாம்னு கிழிச்சுப் போடுவ." கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த பஸ்ஸு என்ன, வீட்டு வாசல்லயா வந்து ஏத்துது? விலக்கு வரைக்கும் முப்பது பொம்பளைக தெனமும் வெயில்ல நடக்குறோம். அது ஒங் கண்ணுல படலயாய்யா?"

"நான் மேலூர் லைன் டிரைவர்டி. ஊருக்குள்ள அஞ்சு ரூவாய்க்கு ஓட்டவா?"

"அப்ப வித்துரு. அழகுபாண்டி, எம்புட்டு தாரன்னு சொல்லுப்பா."

அழகுபாண்டி சொன்னான். சங்கிலிக்கு அது பதினாறு வருசத்தைப் பழைய இரும்புக்குப் போட்ட மாதிரி இருந்தது. "டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு மாப்ள" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சுண்டுகுளம் தெருவில் ஆரன் சத்தம். பெண்கள் பையோடு ஓடிவந்தார்கள். பாண்டிமீனா கடைசியாக வந்து முன்சீட்டில் உட்கார்ந்து அஞ்சு ரூபாயை நீட்டினாள். சங்கிலி கண்ணில் ஒற்றினார், ஹேண்டில்பாரில் தொட்டார்.

"அஞ்சு ரூவாய்க்கா இம்புட்டுக் கும்புடு?"

"போணிக்கு ஏதுடி அளவு?"

பழைய வருமானத்தில் பாதிகூட இது தேறாது. அது அவருக்கும் தெரியும். பகலில் மேலூர் லைனில் மிச்ச ஆண்களைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

விலக்கு கண்ணுக்குத் தெரிந்தபோது ரோஸ் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. விட்டால் அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்துத்தான்; பாண்டிமீனாவுக்கு அரைநாள் சம்பளம் போகும். சங்கிலி ஆரனை அமுக்கிப் பிடித்து, தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"யோவ் நிறுத்துய்யா! பொம்பளைக வாராக!"

பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேட்டார். "என்ன சங்கிலி, எங்களுக்கே ஆள் புடிச்சுத் தர்றியா?"

"மூடிக்கிட்டு ஏத்துய்யா" என்றார் சங்கிலி. பாண்டிமீனாவுக்கு ஜன்னல் சீட் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டு, பஸ் நகர்ந்ததும் அதன் ரோஸ் முதுகைப் பார்த்து வழக்கம்போலக் கெட்ட வார்த்தையில் ஒன்று சொன்னார்.