ஏலப்பாறையில் தொங்கும் ரீகா சிலிண்டர்

1976 ஜனவரியில் ஒரு பித்தளை மணியைத் தூக்கிக்கொண்டு ஏலப்பாறைக்குப் போனேன். பாலக்காட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் எஞ்சின் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலம். பழைய விமான எஞ்சின் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஜார் காலத்து ரஷ்ய விமானங்கள் பெரும்பாலும் பிரெஞ்சு எஞ்சின்களை நம்பித்தான் பறந்தன. அன்று ரஷ்யாவின் கீழ் இருந்த ரீகா நகரத்துத் தொழிற்சாலை ஒன்று சொந்தமாகச் செய்து பார்த்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் நெருங்கியதும் எந்திரங்களைக் கழற்றிக்கொண்டு மாஸ்கோவுக்குப் போய்விட்டார்கள். அந்த ரீகா எஞ்சினின் சிலிண்டர் ஒன்று ஏலப்பாறைத் தேயிலை எஸ்டேட்டின் கிறிஸ்தவக் கோயிலில் மணியாகத் தொங்குகிறது என்று என் பழைய மாணவன் ஒருவன் சொன்னால் சும்மா இருக்க முடியுமா? அங்கே ஜெபம் நடத்தும் உபதேசியாருக்கு எழுதினேன். புது மணி கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

கோட்டயம் வரை ரயில். காலை 9.20க்குக் குமுளி பஸ். கண்டக்டர் மணிக்கும் எழுபத்தைந்து பைசா டிக்கெட் கிழித்தார். வளைவில் அது கணீரென்று அடிக்க, கண்டக்டர் இழுத்த மணி என்று நினைத்து டிரைவர் இரண்டு முறை பஸ்ஸை நிறுத்திவிட்டார். மணியின் நாக்கில் என் துண்டைச் சுற்றிய பிறகே நிம்மதி. குட்டிக்கானத்தில் இறங்கி, வேறு பஸ்ஸில் பதினான்கு கிலோமீட்டர்.

மாலையில் உபதேசியார் சிலிண்டரைக் காட்டினார். சூடு ஆறுவதற்குச் சுற்றிலும் மெல்லிய இரும்புச் செதில்கள், ரீகா என்று ரஷ்ய எழுத்து, கீழே ஜார் அரசின் இரட்டைத் தலைக் கழுகு. கழுகை விரலால் தடவிப் பார்த்தேன்.

"பரிசுத்த ஆவி புறா சார்," என்றார் அவர். "ஒரு தலை பழைய ஏற்பாட்டப் பாக்குது, இன்னொண்ணு புதிய ஏற்பாட்டப் பாக்குது. எங்க சனங்க அப்படித்தான் சொல்லும்."

முதல் உலகப் போரில், ரஷ்யப் படையும் இருந்த பாரசீகம்வரை போய்வந்த எஸ்டேட் ஃபிட்டர் ஒருவர் கொண்டுவந்ததாம்.

மறுநாள் ஞாயிறு காலை ஆறரைக்கு, ஆராதனைக்கு அழைக்கப் பித்தளை மணியை அடித்தோம். மூடுபனியில் பத்தடி தெரியவில்லை. மேலே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் பதினோரு வீடு, ஒருவரும் வரவில்லை. ஏழு மணிக்கு உபதேசியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிலிண்டரை மூன்று தட்டுத் தட்டினார். பனியைக் கிழித்துக்கொண்டு போனது சத்தம். கால்மணி நேரத்தில் பதினோரு வீடும் வந்து நின்றது.

"என்ன உபதேசியாரே, இன்னைக்கு மணி இம்புட்டு நேரங்கழிச்சா அடிப்பீக?" என்றார் முன்னால் வந்த ஞானம்மாள்.

உபதேசியார் என்னிடம் திரும்பி, "வாக்குக் குடுத்துட்டேன் சார். நீங்க எடுத்துட்டுப் போங்க," என்றார்.

எனக்கு அதை விட்டுவிட்டுப் போக மனமில்லைதான். ஆனாலும், "அது இங்கேயே இருக்கட்டும்," என்றேன். கழுகின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டேன். பித்தளை மணியையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றால், மாற்றுக்குத்தானே கொண்டுவந்தீர்கள் என்று அவர் வாங்க மறுத்துவிட்டார்.

அந்தச் சத்தத்தைக் கேட்க ஏலப்பாறைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேருங்கள், கம்பளியை மறக்காதீர்கள். ஞாயிறு காலை ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று கேளுங்கள்.

பித்தளை மணி எங்கள் பட்டறையிலேயே தொங்கியது. ஓய்வு பெறும்வரை அதைக் காட்டித்தான் ரஷ்ய விமான எஞ்சின் பாடம் நடத்தினேன்.