தனகோடியின் நாக்கும் கெளுத்திக் குஞ்சுகளும்

தனகோடி பிளேடைச் சாய்த்து, மீன் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த முட்டையை அடியிலிருந்து நெம்பினான். உடைந்தது. அடுத்தது உடையாமல் பிளேடில் ஒட்டிக்கொண்டு வந்தது. கடுகளவு, தேன் நிறம். அதை ஜாடித் தண்ணீரில் விட்டான்.

"பின்னாடி நிக்காத. மூச்சு படுது" என்றான்.

"நான் மூச்சு விட்டா உன் மீனுக்குக் கரு கலைஞ்சிடுமா?" என்றாள் அவன் மனைவி சாமுண்டீஸ்வரி. ஆனாலும் நகர்ந்துகொண்டாள்.

தனகோடிக்கு இது மூன்றாவது முறை. முதல் முறை முட்டைகள் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்து அழுகின. புதுச்சேரி மீன் கடைக்காரர் நீல மருந்து கொடுத்தார். இரண்டாம் முறை பொரித்தன. இரை போட்ட பிறகு ஒவ்வொன்றாகச் செத்தன. தொட்டியில் இரண்டு ஆண்களோடு இருந்தது ஒரே ஒரு பெட்டைக் கெளுத்தி. மீசை தேய்ந்து, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. இந்த முறைக்குப் பிறகு அது முட்டை வைக்காது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

அவர்தான் முதலில் சிரித்தவரும். "மரக்காணத்துல இத பொரிக்க முடியாதுப்பா. குஞ்சுக்கு உப்பே ஆவாது."

"பொரிச்சு வளத்து உன் கையில குடுக்கறேன் பாரு" என்று தனகோடி சொல்லியிருந்தான். அது நடந்து ஒன்றரை வருடம். இப்போது 2006 பிப்ரவரி.

உப்பளத்தில் அவனுக்கு இருபத்திரண்டு வருட வேலை. பாத்தித் தண்ணீர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க, கணக்குப்பிள்ளை கண்ணாடிக் குழாய் ஒன்றை மிதக்க விடுவார். அவர் குழாயைத் துணியிலிருந்து பிரித்து எடுப்பதற்குள் தனகோடி விரலை நனைத்து நாக்கில் வைப்பான். "இருவத்திரெண்டு டிகிரி" என்பான். குழாயும் அதையே காட்டும். வேறு எதற்கும் யாரும் அவனிடம் கருத்துக் கேட்டதில்லை.

நான்காம் நாள் முட்டைகள் பொரித்தன. நாற்பத்தொன்று. வாலும் இரண்டு கண்களும் மட்டும் தெரிந்தன. இரண்டு நாள் வயிற்றிலிருந்த மஞ்சள் கருவையே தின்றன. பிறகு இரை வேண்டும். அது அவனுக்குப் பிரச்சினை இல்லை. உப்பு இன்னும் படியாத பாத்திகளில் செந்தூசி போல மிதக்கும் பூச்சிதான் அந்த இரை. கடைக்காரர் டப்பாவில் விற்பதும் அதன் முட்டைதான். வேட்டித் துணியில் வடிகட்டி, மிகச் சிறியதை மட்டும் கிண்ணத்தில் கொண்டுவந்தான். மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசினான். கடைசியாக அலசிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்பே இல்ல."

அவளும் விரலை நனைத்து வைத்தாள். "கரிக்குது."

"எங்க கரிக்குது?"

"நல்லாவே கரிக்குது. இன்னும் அலசு."

"ட்ரம்முல பாதி தண்ணிதான் இருக்குது. நாளன்னிக்குதான் பைப்புல வரும். நீதான் கத்துவ."

"கத்தல. அலசுய்யா."

அவள் வானூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். உப்பளத்தில் இறங்கியதில்லை. குழம்பில் உப்பில்லை என்று அவன் தட்டைத் தள்ளாத நாள் குறைவு. தனகோடி வாசலில் நின்று பக்கத்து வீட்டுப் பாவாடையைக் கூப்பிட்டான். பாவாடையும் அதே உப்பளம்தான். வந்து, குடித்தே பார்த்தான்.

"எளநியாட்டம் இருக்குது" என்றான்.

"கேட்டியா?"

"ரெண்டு பேருக்கும் நாக்கு செத்துப்போயி வருசம் ஆச்சு. பொணத்தக் கேட்டு பொணம் சாட்சி சொல்லுது" என்று சாமுண்டீஸ்வரி உள்ளே போனாள்.

இரையை ஜாடியில் ஊற்றினான். குஞ்சுகள் தின்றன. வயிறு சிவந்தது தெரிந்தது. அன்று அவன் அவளைப் பார்த்துச் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வேளை, மூன்று வேளை என்று போட்டான். இரண்டாம் நாள் ஒன்பது செத்துக் கிடந்தன. கரண்ட் நின்று காற்று மோட்டார் ஓடாததுதான் காரணம் என்றான். மூன்றாம் நாள் பதினான்கு. ஊதுவத்திப் புகை என்றான்; வத்தியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தான்.

"சாமிப் படத்தையும் எறி. ரெண்டு குஞ்சு கூடப் பொழைக்கும்" என்றாள்.

நான்காம் நாள் பன்னிரண்டு. மீதி ஆறு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தவன் ஜன்னலைப் பார்த்தான். காலையில் பூச்சி அலசிய எவர்சில்வர் கிண்ணம் கழுவாமல் வெயிலில் இருந்தது. அடியில் கிடந்த கொஞ்சம் தண்ணீரும் காய்ந்திருந்தது. எழுந்து போய் எடுத்தான். கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஒரு வளையம். ஓரத்தில் சதுரம் சதுரமாகச் சின்னப் பரல்கள். தண்ணீர் காய்ந்தால் என்ன மிஞ்சும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நகத்தால் சுரண்டினான்.

சாமுண்டீஸ்வரி சோற்றுக் கரண்டியோடு வந்து பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் கிண்ணத்தை விட்டெறிந்திருப்பான். அதற்கும் வழியில்லாமல் அவன் அப்படியே நின்றான்.

"வா, ருசி பாரு" என்றான் பிறகு.

புதிதாகப் பூச்சியை அலசினான். அவள் விரலை நனைத்தாள். "கரிக்குது." மறுபடி அலசினான். "கரிக்குது." ஆறாவது முறை, "லேசா." ஒவ்வொரு முறையும் அவனும் நக்கிப் பார்த்தான். முதல் தண்ணீருக்கும் ஆறாவது தண்ணீருக்கும் அவன் நாக்கில் வித்தியாசமே இல்லை. ஒன்பதாவது முறை அவள் தலையாட்டினாள். ட்ரம் காலியாகிவிட்டது. ஜாடித் தண்ணீரை மாற்ற ஒரு குவளை கூட இல்லை. பாவாடை வீட்டில் அரைக்குடம் கேட்டு வாங்கிவந்து மாற்றினான். அப்போது நான்கு இருந்தன. சாயங்காலம் ஒன்றுதான் மிச்சம். அது பக்கவாட்டில் படுத்து வாலை மட்டும் அசைத்தது. இரையைத் தொடவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தான். ஜாடியில் எதுவும் அசையவில்லை. உப்பளத்துக்குப் போனான். கணக்குப்பிள்ளை, "தனகோடி, எவ்ளோப்பா?" என்று கேட்டார். விரலை நனைத்து வைத்து, இருபத்து மூன்று என்றான். குழாயும் இருபத்து மூன்று காட்டியது. மதியம் வரை உப்பு வாரினான். வீட்டுக்கு வந்து ஜாடியைச் சாக்கடையில் கவிழ்த்துக் கழுவினான். பெட்டை தொட்டியின் மூலையில் கிடந்தது. சாமுண்டீஸ்வரி சோறு போட்டாள். குழம்பில் உப்பில்லை. சாப்பிட்டான். நான்கு மணிக்குப் பைப்பில் தண்ணீர் வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு அவன் வரிசையில் நின்றான்.