கெசாங் ஆற்றில் இரண்டு பம்புகள்

மெர்லிமாவ் பசாரில் கீரை விற்ற ஜானகிக்கு, எந்த விஷயத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. அவள் தோட்டம் கெசாங் ஆற்றங்கரையில், மலாக்கா மாநிலத்துப் பக்கம் இருந்தது. அக்கரை ஜொகூர் மாநிலம், அங்கே நயீம் வெள்ளரி போட்டிருந்தான். மழை பொய்த்த அந்த ஆண்டு, காலை ஏழு மணிக்கு அவள் பம்பைப் போட்டால் சேறுதான் வந்தது. கீரை பாத்தி பாத்தியாகக் கருகியது.

“ஜொகூர்காரன் உறிஞ்சுறான், புகார் கொடு லா,” என்றார்கள் பசாரில். ஜானகியோ, ஒரே ஆற்றைப் பங்கிடும் நாடுகள் என்ன செய்கின்றன என்று கைப்பேசியில் தேடினாள். பன்னாட்டுச் சட்டம் நியாயமான பங்கைப் பற்றிப் பேசியது. எவ்வளவு எடுக்கிறோம் என்பதை மறைக்காமல் ஒருவருக்கொருவர் சொல்லவும் வேண்டுமாம்.

மறுநாள் கரையில் நின்று கத்தினாள். “தம்பி! நான் ஏழுலேருந்து பத்து வரைக்கும் பம்பு ஓட்டுறேன். நீ எப்போ?”

“எதுக்குக்கா? போலீசுல சொல்லப் போறீங்களா?”

“உன் வெள்ளரிக்கெல்லாம் போலீசு வருமா? சொல்லு லா!”

நயீம் சிரித்துவிட்டான். “நானும் அதே நேரந்தான்க்கா. எனக்கும் சேறுதான் வருது.”

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே மடுவை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து காலை அவனுக்கு, மாலை அவளுக்கு என்று ஆனது. அந்த வறட்சியில் அதன்பின் ஒரு நாள்கூட ஜானகி வெறுங்கூடையோடு பசாருக்குப் போகவில்லை.